பவளப் பாறையைத் தேடி

தொலைவில் உள்ள ஒன்றை அறிய விரும்புவோர், முற்காலத்தில் அவ்விடத்திற்கே செல்ல வேண்டும். அன்றேல், சென்று வந்தவர் எழுதிய நூலைத் தேடிப் பெற வேண்டும். இன்றோ, தொழிற்பேட்டையின் எந்திர ஒலி கேட்கும் அம்பத்தூரில் இருந்தவாறே, நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மன்னார் வளைகுடாவின் நிலையை நான் இணையத்தின் வாயிலாக அறிகின்றேன்.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் அமைந்துள்ள கடற்பரப்பு, 1986-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அத்தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள்ளன. பாறை எனினும் அது வெறுங்கல் அன்று. சிற்றுயிர்கள் சுண்ணாம்பினால் கட்டிய குடியிருப்பு. அவ்வுயிர்களின் உடலில் வாழும் நுண்பாசிகளே அவற்றுக்கு உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், பாசிகள் வெளியேறுகின்றன, பவளம் வெளுத்துவிடுகின்றது. வெப்பம் விரைவில் தணிந்தால் அது மீளும். தணியாவிடில் பசியால் மடியும்.

இதன் உயிர்த்தன்மையை எண்ணாமல், சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் மக்கள் இதனை நெடுங்காலம் வெட்டியெடுத்தனர். 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்திற்கும் காவலாயிற்று. ஆயினும், சட்டம் கடலின் சூட்டைத் தடுக்க இயலுமோ? 2010-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தன, பல மடிந்தன.

இச்செய்திகளைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. 'பவளம்' என்று மட்டும் தேடினால், நம்மை எதிர்கொள்வன நகைக் கடைகளே. இடத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுதல் வேண்டும். 1947-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கட்டுரைகள், எவரும் படிக்குமாறு இணையத்தில் உள்ளன. அமெரிக்க நாட்டுக் கடல், வளிமண்டல ஆய்வகம், செயற்கைக்கோள் காணும் கடல் வெப்பத்தை நாள்தோறும் வெளியிடுகின்றது. ஓரிடத்தின் மிகுவெப்பத் திங்களுக்குரிய சராசரியைவிட ஒரு பாகை செல்சியசு மிகுந்த சூடு ஒரு வாரம் நிலைத்தால், அதனை ஒன்று எனக் கணக்கிடுவர். அக்கணக்கு நான்கை எட்டினால் வெளுத்தலை எதிர்பார்க்கலாம். எட்டை எட்டினால் சாவையும் எதிர்பார்க்கலாம்.

ஆனால், செயற்கைக்கோள் காண்பது நீரின் மேற்பரப்பையே. அடியிலுள்ள பவளம் பிழைத்ததா, மடிந்ததா என்பதை நீரில் மூழ்கிப் பார்த்தவரே உரைக்க முடியும். ஆதலால், வெப்பக் கணக்கைக் கண்டவுடன் நான் முடிவுக்கு வருவதில்லை; அதே காலத்தில் அதே தீவருகே மூழ்கி ஆராய்ந்தோர் எழுதியதையும் தேடிப் படிக்கின்றேன். இரண்டும் ஒத்திருந்தால் நம்புகின்றேன்.

மாணவர்களே, இணையத்தில் வேறொரு கடலின் வண்ணப் படத்தை நம் கடலின் படமாகக் காட்டுவோரும் உளர். எந்தச் செய்தியைக் கண்டாலும், அளந்தவர் யார், எங்கு அளந்தார், எப்பொழுது அளந்தார் என்று வினவுங்கள். கல்லென்று கருதி வெட்டப்பட்ட பவளம் உயிரென்று நமக்குத் தெரிந்தது, அவ்வாறு வினவியவர்களால்தான்.