சாமை முளைத்திருந்தது

2 டிசம்பர் 2024, திங்கள்

காலை ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே அந்த வீடியோ வந்துவிட்டது. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் ஒன்றோடொன்று மோதி அடித்துச் செல்லப்படுகின்றன. ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடற்கரைக்காரர்களின் கஷ்டம் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்திருக்கிறது. பக்கத்து அரூரில் 33. குருபரப்பள்ளியில் எங்களுக்குக் குடை பிடித்தால் போதுமான மழைதான். ஊத்தங்கரையும் இதே கிருஷ்ணகிரி மாவட்டம்.

சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டிருக்கிறார்கள். கெலவரப்பள்ளியையும் கே.ஆர்.பி. அணையையும் தாண்டிப் போகும் எங்கள் தென்பெண்ணைதான் அங்கே போய் இப்படிப் பெருக்கெடுத்திருக்கிறது. நாள் முழுக்க வேலையில் மனம் ஒட்டவில்லை.

3 டிசம்பர், செவ்வாய்

திருவண்ணாமலையில் மண்சரிவில் புதைந்த வீட்டில் ஏழு பேர். அதில் ஐந்து பேர் குழந்தைகள். இன்று வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

4 டிசம்பர், புதன்

ஷிப்டு முடிந்து பதினோரு பேர் டீக்கடையில் கூடினோம். வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்னென்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று பட்டியல் போட்டபோது நான் அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட், பிரட் என்று சொல்லிக்கொண்டே போனேன். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒடிசாப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி, "அண்ணா, முதல்ல தார்ப்பாய் வாங்குங்க. அப்புறம் தீப்பெட்டி, உப்பு" என்றான். 1999 அக்டோபரில் சூப்பர் புயல் சூறையாடிய எர்சமா பக்கத்துக்காரன். அப்போது அவன் பிறக்கவே இல்லை. ஆனால் அவன் வீட்டில் அந்தப் புயல் இன்னும் பேச்சில் இருக்கிறது. கூரை போன வீட்டில் அரிசியை எங்கே வைப்பார்கள், எதை மூட்டிச் சமைப்பார்கள் என்று அவன் கேட்டதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம்.

விடுதிப் பையன்கள் தங்களுக்குள் வசூல் செய்து 4,300 ரூபாய் கொடுத்தார்கள். தமிழ் தெரியாதவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர்.

5 டிசம்பர், வியாழன்

துணிமணிகளைப் பிரித்தோம். ஆறு மூட்டை வந்திருந்தது. கிழிந்த ஜாக்கெட், ஜிப் போன பேன்ட், கறை படிந்த குழந்தைச் சட்டை. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. கொடுக்கும்போது வாங்கப்போகிறவரின் முகத்தை நினைக்கவில்லை, அவ்வளவுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி சாலையோரம் குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்ததை மறந்துவிட்டோம். நான்கு மாதத்துக்கு முன் வயநாடு நிலச்சரிவின்போதும் பழைய துணி அனுப்பாதீர்கள் என்று கேரளத்தில் கேட்டுக்கொண்டார்கள். எல்லாம் இழந்து நிற்பவருக்குப் பிறர் கழித்துப்போட்டதை நீட்டுவது உதவி ஆகாது. ஐந்து மூட்டையைத் திருப்பிவிட்டோம். சிலருக்கு வருத்தம். இருக்கட்டும்.

6 டிசம்பர், வெள்ளி

அரூரில் வாத்தியாராக இருக்கும் நண்பருக்குப் போன் செய்தேன். "ஊத்தங்கரைக்கு லாரி லாரியா வருது. ரோட்டு மேல இருக்கிற ஊருக்கே எல்லாரும் குடுக்கறாங்க, ஒரே வீட்டுக்கு மூணு தடவை போகுது. சித்தேரி மலைக்கு வாங்க" என்றார். சித்தேரி ஒரே ஊராட்சிதான். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி இறங்கும் ஊர்கள் அங்கே இன்னும் உண்டு. வண்டி எதுவரை போகுமோ அதுவரைதான் நிவாரணமும் போகிறது என்பதை அவர் சொல்லித்தான் நான் யோசித்தேன்.

8 டிசம்பர், ஞாயிறு

விடிகாலை மூன்று மணிக்கு இரண்டு குட்டியானை வண்டிகள் சித்தேரிக்குக் கிளம்பின. கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, அரூர். ஊத்தங்கரையில் கடைக்காரர்கள் விளக்கு வைத்துக்கொண்டு சேற்றை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நிற்காமல் போனோம்.

மலைப்பாதை வளைவுகளில் சரிந்த மண்ணும் கல்லும் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தன. அதன் பிறகு மண் பாதை. ஓர் ஓடையருகே அதுவும் அறுந்து போயிருந்தது. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் நடை.

25 கிலோ சிப்பமாக அரிசி வாங்கியது பெரிய தப்பு. சேற்றில் ஏறும்போது ஒரு ஆளால் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் தூக்க முடியாது. ஓடைக்கரையிலேயே சிப்பங்களைப் பிரித்து, கொண்டுபோன வேட்டிகளிலும் பைகளிலும் கட்டினோம். அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. மேலே இருந்து ஊர்க்காரர்கள் இறங்கி வந்தார்கள். நாங்கள் மூச்சு வாங்கி நின்ற இடத்தில் ஒரு அம்மா தலையில் அரிசி, இடுப்பில் தார்ப்பாய்ச் சுருள் என்று நிற்காமல் ஏறிப் போனார். "மெதுவா வாங்க கண்ணு, வழுக்கும்" என்றார்.

இருபத்து மூன்று வீடுகள். ஊர்க் கவுண்டர் திண்ணையில் உட்கார்ந்து, எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்த வீட்டில் கைக்குழந்தை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தார்ப்பாய் பன்னிரண்டுதான் இருந்தது. யாருக்கு முதலில் என்று அவரே முடிவு செய்தார். ஒருவரும் முண்டியடிக்கவில்லை. போட்டோ எடுக்க வேண்டாம் என்று புறப்படும்போதே பேசி வைத்திருந்தோம்.

கடைசி வீட்டில் ஒரு பெரியவர் என்னைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப் போனார். சுவர் ஒரு பக்கம் கரைந்து உட்கார்ந்திருந்தது. மூலையில் ஒரு குதிர். மூடியைத் திறந்து, "கையை விட்டுப் பாருங்க தம்பி" என்றார். விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. அள்ளி எடுத்தால் சாமை, ஒவ்வொரு மணியிலும் நூல்போல ஒரு வெள்ளை முளை. புளித்த வாடை. ஒரு வருடச் சாப்பாடும் அடுத்த ஆடிக்கு விதைக்க வேண்டியதும் அதில்தான் இருந்தது.

"அரிசி குடுத்தீங்க, நல்லா இருப்பீங்க. அரிசி பத்து நாளைக்கு வரும். விதைச் சாமை கெடைக்குமா?"

எங்கள் இரண்டு வண்டியிலும் ஒரு பிடி விதை இல்லை. பட்டியலை இரண்டு முறை எழுதியும் யாருக்கும் தோன்றவில்லை. பொட்டலம் கட்டுகிறவனுக்கு மழை பெய்த நாள்தான் தெரிகிறது. மலைக்காரருக்கு அடுத்த விதைப்பு தெரிகிறது. போகுமுன் ஒரு போன் செய்து அவரையே கேட்டிருக்கலாம். ஊரில் ஒரு பாறை மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கிறது.

எங்களை வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. வேகவைத்த குச்சிக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொடுத்தார்கள். இழந்து நிற்பவர் வீட்டில் சாப்பிடுவதா என்று கூச்சப்பட்டேன். "சாப்பிடாமப் போனா எங்களுக்குத்தான் கொறச்சல்" என்று அந்தப் பெரியவரின் மனைவி இலையை என் கையில் வைத்தார். சாப்பிட்டேன்.

9 டிசம்பர், திங்கள்

தோளில் கயிறு அறுத்த தடம். இரவு ஷிப்டு. ஒடிசாப் பையனிடம் தார்ப்பாய் போதவில்லை என்று சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான்.

15 டிசம்பர், ஞாயிறு

வாரம் முழுக்க விதைக்கு அலைந்தோம். கடைகளில் கிடைப்பது மில்லில் தோல் நீக்கிய சாமை. அது சோற்றுக்கு ஆகும், முளைக்காது. தோலோடு இருக்கும் மணி வேண்டும். அதுவும் எந்தச் சாமையானாலும் சரி என்றில்லை. மலை மண்ணுக்கும் மழைக்கும் பழகியதாக இருந்தால்தான் நம்பி விதைப்பார்கள். சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளில் கேழ்வரகு உண்டு, சாமை குறைந்துவிட்டது. கிருஷ்ணகிரி சந்தையில் ஒரு விவசாயி பன்னிரண்டு கிலோ விதைச் சாமை கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் பாதி விலைதான் வாங்கினார்.

ஊரில் இருபத்து மூன்று வீடு. ஏக்கருக்கு நாலைந்து கிலோ விதை என்று வைத்தாலும் இது இரண்டு மூன்று ஏக்கருக்குத்தான் வரும். ஆடிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஜவ்வாது மலையிலோ கொல்லிமலையிலோ கல்வராயன் மலையிலோ உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது தோலோடு விதைச் சாமை வைத்திருந்தால், ஒரு படியானாலும் சரி, எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வந்து வாங்கிக்கொள்கிறோம்.