வழியில் நின்ற வண்டியும் வந்து நின்ற சொந்தமும்

விடுமுறைக்கு ஊர் வந்த குடும்பத்தின் கார் நடுவழியில் நின்றுவிட்டால், தென்காசிச் சீமையில் முதலில் தேடப்படுவது பக்கத்தில் எந்தச் சொந்தக்காரர் இருக்கிறார் என்பதே. மெக்கானிக்கின் எண் அதற்குப் பிறகுதான். இந்த உதவி பெரிய சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விமானம் ஏறிப் போன பிறகு அது பற்றிப் பேச்சும் இருப்பதில்லை. அதில் எத்தனை பேருடைய உழைப்பு சேர்ந்திருக்கிறது, பெற்றுக்கொண்டவருக்கு அதனால் என்ன கடமை வருகிறது என்பவை தனியாக எண்ணிப் பார்க்க வேண்டியவை.

அப்படி உதவி வரும் ஊர்களில் ஒன்றான ராயகிரி, தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய சமவெளியில் உள்ள பேரூராட்சி. திருநெல்வேலியோடு இருந்த இப்பகுதி 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாயைக் கடந்து கொல்லம் போய்ச் சேரும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே இந்த ஊர்களையெல்லாம் இணைக்கிறது. ரயில் பாதை ராஜபாளையத்தைத் தாண்டியதும் கிழக்கே ஒதுங்கி, சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை வழியாகக் கடையநல்லூருக்கு வருகிறது. அதனால் சிவகிரிக்கும் ராயகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் புளியங்குடிக்கும் ரயில் நிலையம் இல்லை. மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ விமானம் விட்டு இறங்குபவர் வீட்டு வாசல் வரைக்கும் சாலையை நம்பித்தான் வரவேண்டும்.

அந்தச் சாலையில் கூட்டம் கூடும் காலமும் விடுமுறைக் காலமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. வளைகுடா நாடுகளில் ஜூலையும் ஆகஸ்டும். குற்றாலத்தில் சாரல் கட்டும் காலமும் அதுவே. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவும் அதற்குள் வந்துவிடுகிறது. வந்த கையோடு ஐந்தருவிக் குளியல், குலதெய்வம் கோவில், பார்க்கவேண்டிய சொந்தங்கள் என்று வண்டி ஓய்வில்லாமல் ஓடுகிறது.

அப்படி ஓடும் வண்டி பெரும்பாலும் ஓடிப் பழகாத வண்டி. மகனோ மகளோ வரும்போது வேண்டும் என்று வாங்கி, மற்ற மாதங்களில் வீட்டுக் கொட்டகையில் உறைபோட்டு நிறுத்தப்பட்டிருக்கும். பேட்டரி, ஓடாவிட்டாலும் தன் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். ஃபேன் பெல்ட்டும் ரப்பர் குழாய்களும் வெயிலிலும் வறட்சியிலும் வெடிப்பு விடும். டயர் தேயாமலே வயதாகிப் பலம் குறையும். பானட்டுக்குள் எலி கூடுகட்டி வயரைக் கடித்து வைக்கும். பெரியவர் வாரம் ஒருமுறை சாவியைப் போட்டு ஐந்து நிமிடம் உறும விடுவதோடு சரி. பேட்டரி முழுதாக ஏறுவதற்கு அது போதாது. பிறகு ஒரே நாளில் ஏழு பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைக் கூட்டி வைத்து நூறு கிலோமீட்டர் போகும்போது, எங்காவது ஒரு விலக்கில் அது நின்றுபோவதில் வியப்பில்லை.

அதிகம் நேர்வது எஞ்சின் சூடேறி நிற்பது. ரேடியேட்டரில் கூலண்ட் குறைந்தாலும், தண்ணீர் பம்ப் பழுதானாலும், தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டாலும், ஃபேன் சுற்றாவிட்டாலும் வெப்பநிலை முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். அந்த நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடிய அமைப்புக்குள் அழுத்தம் இருப்பதால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்து அழுத்தம் விலகியதும் அது ஒரே நொடியில் பொங்கி முகத்திலும் கையிலும் அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறவிட்டுத்தான் தொடவேண்டும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும். நான்கு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டு, பிரதிபலிக்கும் முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தள்ளி வைத்து, பிள்ளைகளைச் சாலையை விட்டு இறக்கி மரநிழலில் உட்காரவைப்பது முதல் வேலை. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண் 1033. யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

சொந்தத்தின் உதவி தொடங்குவது அடுத்த தொலைபேசி அழைப்பில். வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் பக்கத்து ஊர் மாமாவின் எண் இருக்காது. அவர் வீட்டுக்குப் போன் போடுவார். வீட்டிலுள்ள அம்மா, ராயகிரியில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்குச் சொல்வார். நாத்தனார் தன் மகனிடம் சொல்வார். பத்து நிமிடத்துக்குள் முன்பின் பார்த்திராத எண்ணிலிருந்து அழைப்பு வரும். “மச்சான், எங்க நிக்கிய? வண்டிய ஓரமா போட்டுட்டு நிழல்ல இருங்க, இந்தா வாரேன்.” கடைசியாகப் பார்த்தபோது அரைக்கால் சட்டை போட்டிருந்த பையன் அவன். இப்போது மோட்டார் சைக்கிளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை முன்னால் வைத்து, பின்னால் மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு வந்து இறங்குகிறான். சிறிது நேரத்தில் அவனுடைய அப்பா டிராக்டரோடு வருகிறார், கயிறும் கையுமாக. வயலில் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரை வேறொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் காலிலுள்ள சேற்றைப் பார்த்தால் தெரியும்.

மெக்கானிக் வெடித்த ஹோஸ் குழாயைக் காட்டுவார். உதிரிபாகம் ராஜபாளையத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோதான் வரவேண்டும் என்றால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டி இழுக்கப்படும். குடும்பம் அத்தை வீட்டுக்குப் போகும். அங்கேதான் உதவியின் பெரும்பகுதி நடக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த வீட்டில் மூன்று மணிக்கு மறுபடி உலை வைக்கவேண்டும். பக்கத்து வீட்டில் முட்டை வாங்கி, இருக்கிற புளிக்குழம்பைச் சூடாக்கி, அப்பளம் பொரித்து, ஏழு பேருக்கும் சோறு போட்டாகிறது. நாடு விட்டு வந்த பிள்ளைகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று குடிநீரைக் காய்ச்சி ஆறவைக்கிறார்கள். சாயங்காலம் ஆகியும் வண்டி வராவிட்டால் கட்டில் விருந்தாளிகளுக்கு, வீட்டுக்காரர்களுக்குப் பாய். மறுநாள் கிளம்பும்போது தோட்டத்து எலுமிச்சையும் தேங்காயும் சாக்கில் கட்டி டிக்கியில் ஏறியிருக்கும்.

இந்த உதவியைக் கணக்குப் பார்த்தால் அது சிறியதல்ல. மாமாவுக்கு ஒரு நாள் வேலை போயிற்று. மகன் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறான். டிராக்டர் டீசலும் மளிகையும் கைக்காசு. அத்தைக்கு அன்று முழுக்க அடுப்படி. நன்றி சொல்லும்போது கயிறு கொண்டுவந்தவரின் பெயர் முதலில் வருகிறது. உலை வைத்தவரின் பெயர் பல நேரங்களில் வருவதே இல்லை. அது குறை. ஒரு குடும்பத்தை ஒன்றரை நாள் தாங்கியது அவருடைய கைதான்.

வெளிநாடுகளில் இதே வேலையை நிறுவனங்கள் செய்கின்றன. அமெரிக்க வாகன ஓட்டிகளின் சங்கமான ஏ.ஏ.ஏ. 1902-இல் சிகாகோவில் தொடங்கியது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. 1903-இல் தொடங்கி, இன்று 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு இருக்கிறது. அதன் மஞ்சள் வண்டிகள் வந்து சாலையோரத்திலேயே பழுது பார்க்கின்றன. சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் நின்றுபோன வண்டியை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி, குறித்த கார் நிறுத்துமிடம் வரை கட்டணமில்லாமல் இழுத்துச் செல்கிறது. இந்தியாவிலும் கார் காப்பீட்டோடு சாலையோர உதவியைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். இவை அனைத்தும் நல்ல ஏற்பாடுகள். யாரையும் யாருக்கும் கடன்படுத்தாமல் வேலையை முடிப்பது அவற்றின் சிறப்பு. ஊருக்கு வருபவர் அதையும் செய்துவைப்பது முறை. வயதான மாமாவை நள்ளிரவில் எழுப்பாமல் இருக்க அது உதவும்.

ஆனால் குடும்பமும் கார்ப் பயணமும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்தவை. காரில் முதல் நெடும்பயணம் போனவர் பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வண்டியில், ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, தம் தாய்வீட்டுக்கு அவர் போனார். கூட வந்தவர்கள் மகன்கள் ஆய்கனும் ரிச்சர்டும். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பியில் குத்தும் ஊசியால் பெர்த்தா அடைப்பெடுத்தார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் என்ற கரைப்பானை வாங்கி ஊற்றினார். மேட்டில் ஏறாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பிரேக் கட்டை தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவர் தோல் வைத்துக் கொடுத்தார். உதவி நிறுவனம் எதுவும் இல்லாத அந்தக் காலத்தில், அந்தப் பயணத்தைக் கரைசேர்த்தவை அவருடைய சாமர்த்தியமும் பெற்ற பிள்ளைகளின் தோளும் வழியில் இருந்தவர்களின் கையுமே.

சொந்தத்தின் உதவி கடல் கடந்தும் வேலை செய்திருக்கிறது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் போன தமிழ் முஸ்லிம்கள், ஆண்கள் மட்டும் தனியாகப் பிழைக்கப் போகும் வழக்கத்தை விட்டு, மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு போய்த் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருங்கிக் குடியேறினார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருமானத்துக்குத் துணை நின்றார்கள். முன்னால் போனவர் பின்னால் வருபவருக்கு இடமும் வேலையும் பார்த்துக் கொடுத்தார். 1941-இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் தோன்றியதற்குப் பின்னால் அந்த ஊர்ப்பற்றும் உறவுக்கட்டும் இருந்தன. வழியில் நின்ற வண்டிக்குக் கயிறு கொண்டுவருவதும், புது நாட்டில் இறங்கியவருக்குப் படுக்க இடம் கொடுப்பதும் ஒரே பண்பிலிருந்து வருபவை.

பெற்ற உதவியை எப்படி மதிப்பது என்பதற்குத் திருக்குறள் 11-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. முன்பு ஓர் உதவியும் பெறாமலே செய்த உதவி, தக்க நேரத்தில் செய்த உதவி, பயனை எண்ணாமல் செய்த உதவி என்று வள்ளுவர் அதை வரிசைப்படுத்துகிறார். உதவியின் அளவு அதைப் பெற்றவரின் பண்பைப் பொறுத்தது என்றும் சொல்கிறார். ராயகிரி அத்தை வீட்டு உதவி இந்த மூன்றிலும் அடங்கும். அதன் மதிப்பு எவ்வளவு என்பது இனிமேல் பெற்றவர் நடந்துகொள்வதில் இருக்கிறது.

கல்யாண வீட்டு மொய்க்கு நோட்டு உண்டு. யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வது செய்முறை. வழியில் செய்த உதவிக்கு நோட்டு இல்லை. மனசில் எழுதிக்கொள்வதுதான். உள்ளூரில் இருப்பவர்களுக்கு அதைத் திருப்ப வழிகள் நிறைய உண்டு. நடவுக்கு ஆள் குறைந்தால் போய் நிற்கலாம். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்கு இருக்கலாம். சாவு நடந்த துட்டி வீட்டில் முதல் ஆளாகப் போய்ப் பந்தலுக்குக் கம்பு பிடிக்கலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்த வாய்ப்பு எதுவும் இல்லை. விசேஷத்துக்கு லீவு கிடைக்காது. துட்டிக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே வாங்குவது மட்டும் அவர் பக்கமும் செய்வது மட்டும் ஊரார் பக்கமும் தங்கிவிடுகிறது. இதை உணர்ந்து நடப்பதே வெளிநாட்டுக்காரரின் நன்றியறிதல்.

நடைமுறையில் அது சில எளிய காரியங்களில் அடங்கும். மெக்கானிக் கூலியையும் உதிரிபாக விலையையும் மாமா கொடுத்துவிடுவதற்குள் தானே கொடுத்துவிட வேண்டும். டீசலுக்கு என்று ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் முகம் வாடும். அடுத்த தடவை அந்த வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் கேட்காமலே அனுப்பினால் அது ஏற்கப்படும். ஊர் போய்ச் சேர்ந்ததும் மாமாவுக்குப் பேசுவதோடு அத்தைக்கும் தனியாகப் பேசவேண்டும். மறுவருடம் வரும்போது வண்டி பழுதாகாமலே அந்த வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருக்க வேண்டும். ஏதோ அவசரத்துக்கு வந்த வீடு என்ற நிலை அப்போதுதான் மாறும். கயிறு கொண்டுவந்த பையன் வேலை தேடி வெளிநாடு கிளம்பினால், ஏஜெண்டின் உரிமத்தைச் சரிபார்ப்பதும், ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வதும், வந்திறங்கும் நாளில் விமான நிலையத்தில் போய் நிற்பதும் அங்கிருப்பவரின் கடமை. தம் பிள்ளைகளுக்கு அந்த மனிதர்கள் யார், என்ன முறை என்று சொல்லி வளர்ப்பதும் அதில் சேரும். உறவு அடுத்த தலைமுறைக்குத் தொடர்வது அப்படித்தான்.

சொந்தம் வந்து சேருவதற்கு முன்பே உதவும் கைகள் உண்டு. பால் வண்டிக்காரர் நின்று கேட்கிறார். வயலில் நிற்பவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார். டீக்கடை அண்ணாச்சி பிள்ளைகளை உட்காரச் சொல்லி பெஞ்சைத் துடைத்துப் போடுகிறார். இவர்களுக்கு உறவுமுறையோ பதில் செய்முறையோ கிடையாது. சாதியும் ஊரும் கேட்காமல் செய்யும் உதவி இது என்பதால் அதன் தரம் உயர்ந்தது. பழுதாகி நிற்கும் வண்டி விபத்தில் சிக்கினாலும் இவர்களே முதலில் ஓடி வருகிறார்கள். விபத்தில் உதவ வருபவரைப் போலீஸ், நீதிமன்ற அலைச்சலிலிருந்து காக்க, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்ல மனதோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. அவர் விரும்பாவிட்டால் பெயர் சொல்லவும் தேவையில்லை. இப்படி உதவியவருக்கு நேரே திருப்பிச் செய்ய வழி இருக்காது. அவருக்குச் செய்யவேண்டியதைச் சாலையில் நிற்கும் அடுத்த வண்டிக்குச் செய்வதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி. எந்த ஊர்ச் சாலையானாலும் வண்டியை நிறுத்தி, என்ன ஆயிற்று என்று கேட்பதில் அது தொடங்குகிறது.