ஜீப்புக்கு ஏர் கிளீனர் தேடின கதை

1/ எப்பவும் சுகர், பிபி, டெங்குன்னு எழுதுற நான் இன்னைக்கு ஒரு பழைய ஜீப்போட ஏர் கிளீனர் பத்தி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான இழை. வண்டி ஆர்வம் இல்லாதவங்களும் கடைசி வரைக்கும் படிங்க. மருத்துவம் பின்னாடி வரும்.

2/ சின்ன வயசுல எங்க ஊருக்கு மாசம் ஒரு தடவை ஹெல்த் ஜீப் வரும். நர்சம்மா இறங்குவாங்க, பின்னாடியே தடுப்பூசிப் பெட்டி இறங்கும். பசங்க எல்லாம் ஊசிக்குப் பயந்து ஓடுவாங்க. நான் மட்டும் ஜீப்பைச் சுத்திச் சுத்தி வருவேன். டாக்டர் ஆகி உத்திரமேரூர் பக்கம் வேலைக்கு வந்ததும் முதல்ல ஆசைப்பட்டது ஒரு பழைய ஜீப்தான்.

3/ ரெண்டு வருஷம் முன்னாடி கிடைச்சுது. மஹிந்திரா எம்எம் 540. பூஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏசி கிடையாது. வீட்ல "இதுக்கு ஒரு மாட்டு வண்டி வாங்கியிருக்கலாம்"னாங்க. எனக்கு அது காதுல விழல.

4/ அதுல இருந்தது ஆயில் பாத் ஏர் கிளீனர். பழைய டிராக்டர் வெச்சிருக்கிற விவசாயிகளுக்கு நல்லா தெரியும். இரண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்பிலேயே இந்த வகைதான். அடியில ஒரு கிண்ணம், அதுல இன்ஜின் ஆயில். உள்ள வர்ற காத்து ஆயில் மேல வந்து சடார்னு திரும்பி மேல போகும். தூசி கனமா இருக்கிறதால காத்து மாதிரி திரும்ப முடியாம ஆயில்ல விழுந்துடும். தப்பிச்சது மேல இருக்கிற கம்பி வலையில ஒட்டிக்கும்.

5/ இது நம்ம மூக்கு வேலை செய்யற விதமேதான். மூக்குக்குள்ள காத்து நேரா போறதில்ல. வளைஞ்சு வளைஞ்சுதான் போகும். வளைவுல பெரிய தூசி ஈரச் சுவர்ல மோதி சளியில ஒட்டிக்கும். 10 மைக்ரானுக்கு மேல இருக்கிறதுல பெரும்பாலானது மூக்கு, தொண்டையிலேயே நின்னுடும். 5 மைக்ரானுக்குக் கீழ இருக்கிறதுதான் நுரையீரலோட கடைசி காத்துப் பை வரைக்கும் போகும். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்கோங்க.

6/ இப்ப என் முட்டாள்தனத்துக்கு வர்றேன். வீடியோ எல்லாம் பார்த்துட்டு, ஆயில் பாத்தைக் கழட்டிட்டு, ஆன்லைன்ல ஒரு கூம்பு மாதிரி ஃபில்டர் வாங்கினேன். எண்ணெய் தடவின காட்டன் துணி, பளபளன்னு மூடி. "இன்ஜின் நல்லா மூச்சு விடும், பிக்கப் வரும், கழுவிக் கழுவி ஆயுசுக்கும் போடலாம்" என்று போட்டிருந்தது.

7/ எங்க மெக்கானிக் அண்ணன் அதைக் கையில வாங்கி வெயில்ல தூக்கிப் பார்த்தார். "டாக்டர், இது வழியா வெளிச்சம் தெரியுது. நம்ம ரோட்டுக்கு இது தாங்காது" என்றார். நான் எம்பிபிஎஸ் படிச்சவன் இல்லையா, கேட்கல. "மாட்டுங்கண்ணா, பாத்துக்கலாம்" என்றேன்.

8/ நம்ம ரோடுன்னு அவர் சொன்னது என்னன்னு இந்தப் பக்கம் வந்தவங்களுக்குப் புரியும். வெளியூர்க்காரங்களுக்கு உத்திரமேரூர்னா குடவோலைக் கல்வெட்டு, பெரிய ஏரி. உள்ளூர்க்காரங்களுக்கு அதோட கல்குவாரியும் கிரஷரும். மதூர் பக்கம் போய்ப் பாருங்க. ஜல்லி, எம்-சாண்ட் ஏத்தின டிப்பர் வரிசையா போகும். ரோட்டோர வேப்ப மரத்துல இலை பச்சையா இருக்காது, சாம்பலா இருக்கும். நான் முகாமுக்குப் போற வழியும் அதுதான்.

9/ கருங்கல் தூசியில குவார்ட்ஸ் இருக்கு. கடினத்தன்மை அளவுகோல்ல அது 7. சாதாரண கத்தியோட இரும்பே கிட்டத்தட்ட 5.5தான். அந்தத் துகள் சிலிண்டருக்குள்ள போனா லைனரையும் ரிங்கையும் உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும்.

10/ ஒரு சின்னக் கணக்கு. இந்த இன்ஜின் 2000 ஆர்பிஎம்ல ஓடும்போது, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை 2.1 லிட்டர் காத்து. நடைமுறையில கொஞ்சம் குறைச்சு வெச்சாலும் நிமிஷத்துக்குச் சுமார் 1800 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன் இழுக்கிறது 6-8 லிட்டர். அவ்வளவு காத்துல ஒரு சதவீதம் தூசி கூடுதலா நுழைஞ்சாலும் என்ன ஆகும்னு யோசிங்க.

11/ நாலு மாசம். காலையில ஸ்டார்ட் ஆக அடம். அப்புறம் நீலப் புகை, அதாவது ஆயில் எரியுது. அண்ணன் ஃபில்டருக்கு அடுத்த ஹோஸைக் கழட்டி உள்ள விரல் விட்டார். விரல்ல முகப்பவுடர் பூசின மாதிரி வெள்ளை. ஒண்ணும் பேசாம என் முகத்துக்கு நேரா காட்டினார். ரிங், லைனர் எல்லாம் போச்சு. செலவு முப்பதாயிரத்தைத் தாண்டிடுச்சு.

12/ சரி, இப்ப எந்த ஏர் கிளீனர் போடுறது? மூணு வழி இருந்தது.

ஆயில் பாத்: அடைச்சுக்காது, கழுவி ஆயில் மாத்தினா போதும், செலவே இல்ல. ஆனா காத்து வேகமா போனாத்தான் நல்லா வடிகட்டும். ஐட்லிங்லயும் மெதுவா ஊர்ந்து போகும்போதும் நுண்தூசி தப்பிக்கும். மேடு பள்ளத்துல வண்டி சாய்ஞ்சா ஆயில் தளும்பும். கோட்டுக்கு மேல ஆயில் ஊத்திட்டா இன்னும் ஆபத்து. டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கும், சாவியைத் திருப்பினாலும் நிக்காம எகிறிடும்.

13/ காட்டன் கூம்பு: மேல சொன்ன கதைதான். சுத்தமான தார் ரோட்டுல சரியா இருக்கலாம். கிரஷர் ரோட்டுக்கு வேண்டாம்.

பேப்பர் ஃபில்டர்: நுண்தூசிக்கு மூணுல இதுதான் சிறந்தது, 99 சதவீதத்துக்கு மேல பிடிக்கும். ஆனா அடைச்சுக்கும், நனையக் கூடாது, காலாகாலத்துல மாத்தணும். முன்னாடி ஒரு சுழல் ப்ரீ கிளீனர் இருந்தா பெரிய தூசி அங்கேயே விழுந்துடும், பேப்பரும் நாள் வரும்.

14/ எதைப் போடலாம்னு அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "வாரம் ஒரு தடவ நீங்களே தொறந்து, ஆயில்ல எவ்ளோ சேறுன்னு பாப்பீங்களா டாக்டர்?"

"டூட்டி இருக்கும்ணா. மாசம் ஒரு தடவ வேணா..."

"அப்ப ஆயில் பாத் வேணாம். பேப்பரே போட்டுக்கலாம். எது ஒசத்தின்னு கேக்கக் கூடாது டாக்டர். எத உங்களால ஒழுங்கா பாத்துக்க முடியும்னு கேக்கணும்."

மாத்திரை எழுதும்போது நான் யோசிக்க வேண்டிய விஷயம் அது. மூணு வேளை மருந்து சாப்பிட முடியாதவருக்கு மூணு வேளை எழுதிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

15/ இதைச் சொல்லிட்டு அவர் பக்கத்துல கிடந்த ஒரு டிப்பரோட பேப்பர் ஃபில்டரை எடுத்து கம்ப்ரஸர் காத்துல அடிச்சார். ஷெட்டுக்குள்ள வெள்ளைப் புகை மாதிரி எழும்பிச்சு. தோள் துண்டை மூக்குல வெச்சுக்கிட்டார். அடிச்சு முடிச்சதும் இருமினார். நிக்கல. பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார்.

16/ "எவ்ளோ நாளாண்ணா இந்த இருமல்?"

"அது கெடக்குது டாக்டர், மூணு மாசமா. மெடிக்கல்ல டானிக் வாங்கிக் குடிக்கிறேன்."

மூணு மாசம். அந்த மூணு மாசத்துல நான் அந்த ஷெட்டுக்குக் குறைஞ்சது பத்து தடவை போயிருக்கேன். வண்டிக்கு ஸ்டார்ட்டிங் ட்ரபிள்னு சொல்லியிருக்கேன், புகை என்ன நிறம்னு விவரமா சொல்லியிருக்கேன். அவர் சட்டை தொளதொளன்னு ஆனது என் கண்ணுல படல. வெளிநோயாளிகள் பிரிவுல உட்கார்ந்தா "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா?"ன்னு எல்லாரையும் கேட்கிற ஆள் நான்.

17/ அப்புறம்தான் கேட்டேன். மெக்கானிக் ஆகறதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் கிரஷர்ல வேலை. ஜா கிரஷர் வாயில கல்லு தள்றது. அப்ப தண்ணி அடிக்கிற வசதி எல்லாம் கிடையாது. அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷமா டிப்பர், லோடர் ஃபில்டர்களை அடிச்சு சுத்தம் பண்றது.

18/ மறுநாளே வரவெச்சேன். எக்ஸ்ரேயில ரெண்டு பக்கமும் மேல்பகுதியில சின்னச் சின்ன புள்ளிகள். சளிப் பரிசோதனையில காசநோய் உறுதி. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி ஸ்கேன் பார்த்ததுல சிலிகோசிஸும் உறுதி ஆச்சு. சிலிகோசிஸ் இருக்கிறவங்களுக்குக் காசநோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரொம்ப அதிகம். தூசியை விழுங்கின செல்களால காசநோய்க் கிருமியோட சண்டை போட முடியாது.

19/ இன்ஜினுக்கு ரிங் மாத்தலாம், லைனர் மாத்தலாம். நுரையீரலுக்கு அது கிடையாது. சிலிகா துகள் போய் உட்கார்ந்த இடம் தழும்பாயிடும். அந்தத் தழும்பை ஆத்துற மருந்து இன்னைக்கு வரைக்கும் இல்ல. தூசியை விட்டு வெளியே வந்த பிறகும் நோய் வளரலாம். காசநோயைக் குணப்படுத்தலாம், குணப்படுத்தினோம். வழக்கமான 6 மாசத்தைத் தாண்டி மாத்திரையை நீட்டிச்சாங்க, ஒரு நாள் விடாம சாப்பிட்டார். எடை திரும்பி வந்தது. ஆனா மாடிப்படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது. அது அப்படித்தான் இருக்கும்னு அவர்கிட்ட நான்தான் சொன்னேன். "ரீபோர் பண்ண முடியாதா டாக்டர்?"னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். எனக்குப் பதில் வரல.

20/ ஒரு விஷயம் கவனிங்க. இன்ஜினைத் தேய்க்கிறதுல 5 முதல் 20 மைக்ரான் தூசிக்குத்தான் பெரிய பங்கு. நுரையீரலை அழிக்கிறது 5-க்கும் கீழ. கண்ணுக்கே தெரியாது. அதனால துண்டு, கர்ச்சீஃப் எதுவும் அதைப் பிடிக்காது. முகத்துல இடைவெளி இல்லாம பொருந்துற என்95 மாஸ்க் வேணும். அதை விட முக்கியம், தூசி கிளம்பற இடத்துலேயே தண்ணி அடிச்சு அமுக்கறது. மாஸ்க் கடைசி அரண்தான்.

21/ வண்டிக்காரங்களுக்கு:
• எந்த ஃபில்டர் போட்டாலும் ஹோஸ், கிளாம்ப் இறுக்கமா இருக்கணும். ஃபில்டருக்கு அப்புறம் ஒரு சின்ன ஓட்டை இருந்தா ஃபில்டரே வீண்.
• மாசம் ஒரு தடவை ஃபில்டருக்கு அடுத்த ஹோஸ்ல வெள்ளைத் துணி விட்டுத் துடைச்சுப் பாருங்க. தூசி இருந்தா எங்கேயோ தப்பு.
• பேப்பர் ஃபில்டரை முழு அழுத்தக் காத்துல அடிச்சா பேப்பர் கிழியும். அடிக்கிறவர் நுரையீரலும் போகும். முடிஞ்சா புதுசு மாத்திடுங்க.

22/ குவாரி, கிரஷர், கல் செதுக்கறது, டைல்ஸ் அறுக்கறது, இந்த வேலை செய்றவங்களுக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்கும்: ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? எடை குறையுதா? அரசு மருத்துவமனைக்கு வாங்க. சளிப் பரிசோதனை, காசநோய் மருந்து எல்லாம் இலவசம். வரும்போது என்ன வேலை செஞ்சீங்க, எத்தனை வருஷம்னு டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்களே சொல்லுங்க. பத்து வருஷம் முன்னாடி விட்ட வேலையா இருந்தாலும் சொல்லுங்க.

23/ சக மருத்துவர்களுக்கு: 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்க வேண்டிய நோய்கள் பட்டியலில் இருந்த நோய் சிலிகோசிஸ். ராஜஸ்தான் 2019-ல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. நாம் ஓபி சீட்டில் "இருமல், காசநோய்" என்று மட்டும் எழுதி முடித்தால் அந்த நோயாளியின் தூசி எந்தக் கணக்கிலும் வராது. "என்ன வேலை?" என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்வோம்.

24/ இப்ப ஜீப்ல ப்ரீ கிளீனரோட பேப்பர் ஃபில்டர் ஓடுது. பழைய ஆயில் பாத்தைத் தூக்கிப் போட மனசு வரல, வீட்டுல இருக்கு. அண்ணன் ஷெட்ல இப்ப ஃபில்டர் அடிக்கிறதில்ல. "மாத்துறதா இருந்தா மாத்தறேன், அடிக்கச் சொன்னா வேற ஷெட்டுக்குப் போ"ன்னு டிப்பர்காரங்ககிட்ட சொல்லிடறார். அதனால ரெண்டு மூணு கஸ்டமர் போயிட்டாங்க. அவர் பையன் இப்ப கூட வேலைக்கு நிக்கிறான்.

அவர் அனுமதியோடதான் இதை எழுதியிருக்கேன். பெயர் வேண்டாம்னார். "ஆனா அந்த ஃபில்டர் மேட்டர்ல நீங்க சொன்ன பேச்சு கேக்கலன்றத மட்டும் கண்டிப்பா எழுதுங்க டாக்டர்"னார். எழுதிட்டேன்ணா.