இரண்டு குற்றமற்றவர்களும் ஒரு கிராண்டும்

ஜொகூரில் வீடும் மனையும் வாங்குவோருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதே என் பிழைப்பு. நான் வாதாடிய வழக்குகளைவிட, ஓரமாக நின்று பார்த்த ஒரு வழக்குதான் எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது. 'அடோர்னா பிராப்பர்ட்டீஸ் எதிர் பூன்சோம் பூன்யானிட்' என்ற அந்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2000 டிசம்பர் 13 அன்று தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு, நிலத்தின் உரிமைப் பத்திரமான கிராண்டு மேசைக்கு வந்தால் அதைக் கொண்டுவந்தவர் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பது எங்களில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது.

பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் இரண்டு மனைகள். உரிமையாளர் தாய்லாந்துப் பெண்மணி பூன்சோம். அவர் பெயரில் வேறொரு பெண் வந்தாள். கிராண்டு தொலைந்துவிட்டது என்று ஒரு சத்தியப் பிரமாணம் செய்து, மாற்றுக் கிராண்டு வாங்கினாள். கிராண்டில் உள்ள பெயரும் தன் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று இன்னொரு பிரமாணம் செய்தாள். 1989-ல் நிலம் விற்கப்பட்டு, பணம் கைமாறி, பெயர் மாற்றமும் பதிவாயிற்று. வாங்கிய நிறுவனம் மோசடியில் பங்கு கொள்ளவில்லை; பூன்சோமோ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. ஏமாற்றியவளைக் கழித்துவிட்டால் நீதிமன்றத்தின் முன் நின்றது இரண்டு குற்றமற்ற தரப்புகள். நிலமோ ஒருவருக்குத்தான் போக முடியும்.

இந்த மாதிரிச் சிக்கலுக்கென்றே தேசிய நிலச் சட்டத்தில் 340-ஆம் பிரிவு இருக்கிறது. பதிவானவரே உரிமையாளர், அந்த உரிமையை அசைக்க முடியாது என்பது அதன் பொது விதி. போலிக் கையெழுத்தால் வந்த பதிவை ரத்துச் செய்யலாம் என்று இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. அப்படி வாங்கியவரிடமிருந்து அடுத்து வாங்கியவரைப் பற்றிப் பேசுவது மூன்றாம் உட்பிரிவு. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைக் காப்பாற்றும் விதிவிலக்கு அதன் கடைசியில்தான் வருகிறது. 'இந்த உட்பிரிவில்' என்று தொடங்குகிற விதிவிலக்கு அது. ஆக, போலியிடம் நேராக வாங்கிய முதல் ஆளுக்கு அந்தக் குடை கிடையாது என்பதே வாசகத்தின் நேர்ப்பொருள்.

உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டி நிலத்தைப் பூன்சோமுக்குக் கொடுத்தது. கூட்டரசு நீதிமன்றம் மறுபடியும் புரட்டியது: விதிவிலக்கு முதல் ஆளுக்கும் பொருந்தும், போலியிடம் வாங்கியிருந்தாலும் நல்லெண்ணத்தோடு வாங்கியவர் பெயரில் பதிவாகிவிட்டால் நிலம் அவருக்கே என்றது. அந்தத் தீர்ப்பைக் கேட்கப் பூன்சோம் உயிரோடு இல்லை. அதே ஆண்டில் அவர் காலமாகியிருந்தார். வாரிசுகள் மறுபரிசீலனை கேட்டும் பயனில்லை. நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் வாழ்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாத நிலைமை ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

2010 ஜனவரி 21 அன்று, குவாந்தான் நிலம் ஒன்றைப் பற்றிய 'தான் யிங் ஹோங்' வழக்கில், அதே கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து பழைய தீர்ப்பு தவறு என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அங்கே உரிமையாளரின் கையெழுத்தைப் போலியாகப் போட்ட அதிகாரப் பத்திரத்தைக் காட்டி, நிலத்தை வங்கிக்கு அடமானம் வைத்திருந்தார்கள். போலியிடமிருந்து நேராக உரிமை பெற்றவருக்கு விதிவிலக்கு உதவாது. வங்கியாக இருந்தாலும் சரி. கிராண்டு வைத்திருந்தவர்கள் மூச்சுவிட்டார்கள். பூன்சோமின் நிலம் மட்டும் திரும்பவில்லை. முடிந்துபோன வழக்கைப் பின்னால் வரும் தீர்ப்பு திறப்பதில்லை.

2010 தீர்ப்பைக் கொண்டாடியவர்கள் அதன் மறுபக்கத்தை அவ்வளவாகப் பேசவில்லை. உரிமையாளர் தோளிலிருந்து இறங்கிய நட்டம் வாங்குபவர் தோளில் ஏறிவிட்டது. இன்று நீங்கள் ஓர் ஆள்மாறாட்டக்காரனிடம் வீடு வாங்கினால், உண்மை உரிமையாளர் வந்து நிற்கும் நாளில் வீடு அவருக்கு. வங்கிக் கடன் உங்களுக்கு. ஏமாற்றியவன் மேல் வழக்குப் போடலாம்தான், ஆளைக் கண்டுபிடித்தால். சட்டம் இப்படி மாறியபிறகு, வாங்குபவரின் வழக்கறிஞர் வேலை தாளை நிரப்புவதோடு நிற்பதில்லை. வாங்குபவருக்காகச் சந்தேகப்படுவதும் அவர் வேலைதான்.

பண்டார் தெங்காராவிலிருந்து வரும் கட்சிக்காரர்களிடம் இதைப் புரியவைப்பது எளிதல்ல. செம்பனைக்கு நடுவே, கெஜோரா மேம்பாட்டு வாரியம் உருவாக்கிய சிற்றூர் அது. விற்பவரும் வாங்குபவரும் பல நேரம் தெரிந்த முகங்கள். ஒரு பெரியவர், மகனுக்குப் புதுத் திட்டத்தில் வீடு பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "தம்பி, டெவலப்பரே லாயர் செலவைக் கட்டிடறாங்களாம். அப்புறம் நமக்குன்னு தனியா லாயர் எதுக்கு?" "அவர் யாருக்கு லாயர்னு கேட்டீங்களா, ஐயா?" என்றேன். கேட்கவில்லை. வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, வீடமைப்புத் திட்டத்தில் மேம்பாட்டாளருக்கு வேலை செய்யும் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குபவருக்காகவும் செயல்படக் கூடாது என்கிறது. இலவசமாகக் கிடைத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். உங்கள் சார்பில் கேள்வி கேட்கும் கடமை அவருக்கு இல்லை. உங்கள் கடன் பத்திரத்தை எழுதுகிறவரும் அப்படித்தான். அவர் வங்கியின் ஆள்.

பழைய வீட்டை ஒருவரிடமிருந்து வாங்கும்போது, "ஒரே லாயர் போதும், காசு மிச்சம்" என்பார் தரகர். கட்டணம் சட்டப்படி வகுக்கப்பட்டது. 2023 ஜூலையிலிருந்து முதல் 5 லட்சம் ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. 3 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு அது 3,750 ரிங்கிட். விலக்குப் பெறாதவர் அதே வீட்டின் பெயர் மாற்றத்துக்கு 5,000 ரிங்கிட் முத்திரை வரி கட்டுவார். அரசாங்கத்துக்கு முணுமுணுக்காமல் கட்டுகிறவர், தன் பக்கம் நிற்கும் ஒரே ஆளிடம் பேரம் பேசுவதை நான் இன்றும் பார்க்கிறேன்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்க என்ன கேட்கலாம்? இந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் அவரிடம் இருக்கிறதா என்பதை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தில் சரிபார்க்கலாம். முன்பணம் கைமாறுவதற்கு முன்பே நில அலுவலகத்தில் சர்ச் எடுத்துப் பதிவேட்டைப் பார்ப்பாரா, விற்பவர் திவால் ஆனவரா என்று பார்ப்பாரா, விற்பவரை நேரில் வரவழைத்து அடையாள அட்டையைக் கையில் வாங்கிப் பார்ப்பாரா என்று கேளுங்கள். மாற்றுக் கிராண்டு என்றாலோ, அதிகாரப் பத்திரத்தைக் காட்டி வேறொருவர் கையெழுத்துப் போட வந்தாலோ, அவர் கேள்விகள் இரட்டிப்பாக வேண்டும். தஞ்சோங் பூங்காவில் ஒன்று, குவாந்தானில் மற்றொன்று என இரண்டு வாசலும் திறந்தே கிடந்தன.

பிறகு கிராண்டை வாசிக்கச் சொல்லுங்கள். 'செக்காத்தான் கெப்பெந்திங்கான்' என்ற தலைப்பின் கீழ், மாநில அதிகாரத்தின் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தால் எல்லாக் கணக்கும் மாறும். வழக்கமான ஒப்பந்தத்தில் 10 விழுக்காடு முன்பணம், மீதிக்கு மூன்று மாதம், வட்டியோடு இன்னொரு மாதம். அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் அந்த மூன்று மாதம் தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால், அனுமதிக்காகக் காத்திருக்கும் காலமெல்லாம் வாங்குபவர் தலையில் விடியும். விற்பவர் மலேசியராக இருந்தால், அவருடைய சொத்து ஆதாய வரிக்காக விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து 60 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. கட்டத் தவறினால் அபராதம் வருவதும் அவருக்கே.

நீதிமன்றம் நட்டத்தைப் பூன்சோமிடம் வைத்தது. ஒன்பது ஆண்டு கழித்து அதை எடுத்து அடுத்தவரிடம் வைத்தது. எங்கே வைத்தாலும் தப்புச் செய்யாத ஒருவர் அதைச் சுமக்கிறார். நட்டம் வராமலே தடுக்க முடிகிற ஒரே இடம், கையெழுத்துக்கு முந்தைய அந்தச் சில நாட்கள். ஆகவே, "எங்க லாயர் விற்கிறவரை ரொம்பத்தான் குடைகிறார், அவர் முகம் சுளிக்கிறார்" என்று யாராவது குறைப்பட்டால், லாயரை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.