குந்தவைக்கு நான் செய்தது

வந்தியத்தேவனை மணிமேகலைக்குக் கட்டிவைக்க வேண்டும் என்பதற்காகக் குந்தவையைக் கெட்டவளாக்கினேன். தெரியாமல் செய்த காரியமில்லை. அந்த அத்தியாயத்தை எழுதும்போதே பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தெரிந்தது. கதையே பொய்தானே என்பார்கள். கதைக்குள்ளும் பொய் உண்டு. இன்னொருவர் உயிர் கொடுத்து வளர்த்த ஒரு பெண்ணை, நம் காரியம் ஆக வேண்டும் என்று அவள் செய்யவே மாட்டாத ஒன்றைச் செய்ய வைத்தால் அது பொய்தான்.

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு மணிமேகலையை நினைவிருக்கும். கடம்பூர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. அண்ணன் தன் நண்பனைப் பற்றிப் பேசிப் பேசியே, முகம் பார்க்காத வந்தியத்தேவன்மேல் அவளுக்கு ஆசையை வளர்த்துவிடுகிறான். பிறகு அவனே மனம் மாறி, மறந்துவிடு என்கிறான். அவளால் முடியவில்லை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டு, பழி வந்தியத்தேவன்மேல் விழப்போகிறது என்றதும், கொன்றவள் நான்தான் என்று முன்னால் வந்து நிற்கிறாள். கடைசியில் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். அந்தக் கடைசி அத்தியாயத்துக்குக் கல்கி வைத்த தலைப்பு ‘மலர் உதிர்ந்தது’. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ஐந்து பாகப் பெருங்கதை, முடிசூட்டு விழாவோடு முடியவில்லை. இந்தப் பெண்ணின் சாவோடு முடிகிறது.

கல்கி இதழில் அந்தத் தொடர் மறுபடி வந்தபோது அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். பள்ளி நாட்களில் அதில்தான் படித்தேன். எல்லாரும் பூங்குழலி, நந்தினி என்று பேசிக்கொண்டிருக்க, நான் மணிமேகலைக்காக அழுதேன். அவள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அவள் கேட்ட ஒன்றே ஒன்று அவளுக்குக் கிடைக்கவில்லை. 2022, 2023-இல் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் மணிமேகலை என்ற பாத்திரமே இல்லை. ஒவ்வொரு படத்தையும் மூன்று மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் மனசு ஆறவில்லை. கல்கி கொன்றார், படத்தில் பிறக்கவே விடவில்லை, இனி இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அந்த வாரமே எழுத உட்கார்ந்தேன். வந்தியத்தேவன் மடியில் கிடக்கும் மணிமேகலை கண்ணைத் திறக்கிறாள். அதுதான் முதல் அத்தியாயம்.

அந்த முதல் சில மாதங்களின் சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த வாக்குமூலம் பாதிதான். ராத்திரி அடுக்களையை ஒழித்துவைத்துவிட்டு உட்கார்ந்தால் பன்னிரண்டு, ஒன்று ஆகிவிடும். மறுநாள் காலை கைபேசியைத் திறந்தால், “அக்கா, இன்னிக்கு யூடி உண்டா?” என்று நாலைந்து பேர் காத்திருப்பார்கள். இணையத்தில் தொடர்கதை எழுதும் இந்த உலகத்தில் அடுத்த அத்தியாயத்துக்கு யூடி என்றுதான் பெயர். ஒருத்தி ராத்திரி டூட்டி பார்க்கும் நர்ஸ். ஒருத்தி துபாயில் இருக்கிறாள், கணவரும் பிள்ளைகளும் தூங்கியபின் படிப்பாள். ஒருத்தி அதுவரை ஒரு வரிகூட எழுதாத சைலண்ட் ரீடர். மணிமேகலை தானாக எழுந்து ஒரு வாய் கஞ்சி குடித்த அத்தியாயத்துக்கு, தன் தங்கை நோயிலிருந்து எழுந்த நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினாள். இவளுக்காக அழுதவள் நான் ஒருத்தி மட்டுமில்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

எழுத எழுதப் படிக்கவும் வேண்டியிருந்தது. கடம்பூர் அடுக்களையில் தாளிக்கும் வாசனையை எழுதும்போது மிளகாயைப் போட்டுவிட்டேன். அரை மணியில் ஒரு கல்லூரிப் பெண் பிடித்துவிட்டாள்: “அக்கா, சோழர் காலத்துல மிளகாய் ஏது? போர்ச்சுகீஸ்காரன் வந்தப்புறம்தானே வந்துச்சு.” மிளகாயை எடுத்து மிளகைப் போட்டேன். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே வழியில் போயின. ‘பத்து நிமிஷம்’ என்று எழுதிய இடங்களையெல்லாம் நாழிகையாக்க வேண்டியிருந்தது. நாழிகைக்கு இருபத்து நான்கு நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், குதிரை கடம்பூரிலிருந்து கிளம்பிப் போய்ச் சேரவேண்டிய நேரமே மாறிவிடும். கொள்ளிடத்தில் வெள்ளம் என்றால் ஓடத்துக்குக் காத்திருக்க வேண்டும். இந்த வேலையில் எனக்குக் களைப்பே தெரிந்ததில்லை.

களைப்பைத் தந்தவன் வந்தியத்தேவன். கல்கியின் வந்தியத்தேவன் எந்த இக்கட்டிலும் ஒரு குறும்பு வார்த்தை வைத்திருப்பான். அசட்டுத் துணிச்சலில் போய் மாட்டிக்கொள்வான், வாயாலேயே வெளியே வருவான். என் கைக்கு வந்ததும் பெருமூச்சு விட ஆரம்பித்தான். ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு எழுத நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கல்கியின் குரல் தமிழ் வாசகர் காதில் ஏறிப்போன ஒன்று, நாம் ஒரு சுருதி குறைத்துப் பாடினாலும் தெரிந்துவிடும். ரசிகர் கதை எழுதுகிற எல்லாருக்கும் உள்ள பாடுதான் இது. இதை நான் குற்றமாக எண்ணவில்லை.

குற்றம் அடுத்து வந்தது. மணிமேகலை பிழைத்தாயிற்று, தேறியும் விட்டாள். இனி என்ன? வாசகர்கள் ஒரே குரலில் கேட்டது கல்யாணம். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் வந்தியத்தேவனின் மனம் இளைய பிராட்டி குந்தவையிடம் இருக்கிறது. கல்கி அதைப் பாகம் பாகமாக நிதானமாக நெய்திருக்கிறார். அதை நான் என்ன செய்வது?

நேர்மையான வழிகள் இருந்தன. அவன் கிடைக்காமலே அவள் வாழ்ந்தாள் என்று எழுதியிருக்கலாம். பத்தாம் நூற்றாண்டில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் தவிர வேறு வாழ்வே இல்லை என்று சொல்ல முடியாது. அதே கதையில் செம்பியன் மாதேவி இருக்கிறார். கணவர் கண்டராதித்தர் போனபின் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியவர். கோனேரிராஜபுரத்துக் கோயிலைக் கணவர் பெயரால் எடுப்பித்தவர். அந்தப் பெரியம்மையின் நிழலில் மணிமேகலையை நிற்கவைத்து, கல்தச்சர்களோடும் கணக்கர்களோடும் அவளைப் பேசவைத்திருந்தால் ஒரு புது மனுஷி கிடைத்திருப்பாள். அந்த எண்ணம் எனக்கு வந்தது. குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். ஆனால் அது மெல்ல நகரும் கதை, கல்யாணம் இல்லாத கதை. படிக்கிறவர்கள் விலகிவிடுவார்கள் என்று பயந்தேன். எனக்கு அந்தக் காலை நேரத்துப் பாராட்டு பழகிப்போயிருந்தது.

அதனால் குறுக்கு வழியில் போனேன். வந்தியத்தேவன் வல்லத்திலிருந்து மணிமேகலைக்கு ஓர் ஓலை எழுதுகிறான். அது குந்தவையின் கையில் சிக்குகிறது. அவள் படிக்கிறாள், சிரிக்கிறாள், குத்துவிளக்கின் சுடரில் காட்டுகிறாள். ஓலை சுருண்டு கருகுவதை ஒரு பத்தி முழுக்க எழுதினேன். அவள் விரல் மோதிரம் அந்த வெளிச்சத்தில் மின்னியதைக்கூட விடவில்லை. நன்றாகவே எழுதினேன், அதுதான் கொடுமை. அந்த நாவலின் கதையே குந்தவைக்கு வரும் ஓலையோடுதான் தொடங்குகிறது. காஞ்சியிலிருந்து அவள் அண்ணன் ஆதித்த கரிகாலன் எழுதிய ஓலையைச் சுமந்துகொண்டுதான் வந்தியத்தேவன் வருகிறான். சோழ நாடு சிதறிவிடுமோ என்று ஓலைக்குக் காத்திருந்தவளை, ஓலையைக் கொளுத்துகிறவளாக்கினேன்.

அடுத்த நாள் வந்த பாராட்டு அதுவரை வராத அளவு. “இந்தக் குந்தவைக்கு நல்லா வேணும்”, “இவளை விடாதீங்க அக்கா.” நானும் விடவில்லை. அடுத்தடுத்த அத்தியாயங்களில் அவளுக்கு ஒற்றர்களைக் கொடுத்தேன், பொறாமையைக் கொடுத்தேன், அவள் தோழி வானதியை மிரட்டவைத்தேன். ஒவ்வொரு முறையும் மணிமேகலை இன்னும் கொஞ்சம் பாவமாகத் தெரிந்தாள். ஒருத்தியை உயர்த்த இன்னொருத்தியைத் தாழ்த்தும் வேலை எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் கண்டேன்.

மூலத்தைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் எக்காலமும் தொட்டிருக்கிறார்கள். வியாசர் பாரதத்தில் அல்லி என்று ஒருத்தி கிடையாது. மதுரையை ஆண்ட அல்லியையும் அவள் மகன் புலந்திரனையும் அர்ச்சுனனுக்குச் சேர்த்துக் கொடுத்தவர்கள் நம் கதைப்பாடல்காரர்கள். ‘அல்லி அரசாணி மாலை’ பெரிய எழுத்துப் புத்தகமாக வீடு வீடாகப் போயிற்று. கல்கிக்குப் பின் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று கதையைத் தொடர்ந்தார், அதில் குந்தவைதான் நாயகி. எனக்கு அதிகம் உறைத்தது புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’. 1943-இல் வந்த கதை. ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். அந்தக் கதைக்காகப் புதுமைப்பித்தன் ராமன்மேல் புதிதாக ஒரு குற்றமும் சுமத்தவில்லை. காவியத்தில் இருக்கிற ஒரு செயலை எடுத்து அகலிகையின் கண் முன்னால் வைத்தார், அவ்வளவுதான். நான் இல்லாத குற்றத்தை உண்டாக்கிக் குந்தவை தலையில் வைத்தேன். மறுகதைக்கும் அவதூறுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

என்னை நிறுத்தியது ஒரு சின்னப் பெண்ணின் செய்தி. பிளஸ் டூ படிக்கிறாள். “அக்கா, நான் படம் மட்டும்தான் பாத்திருக்கேன், புக் படிச்சதில்ல. படத்துல குந்தவையை ரொம்ப நல்லவங்க மாதிரி காட்டிட்டாங்க. உங்க கதை படிச்சப்புறம்தான் உண்மை தெரிஞ்சுது. தேங்க்ஸ் அக்கா.”

உண்மை என்று எழுதியிருந்தாள். நன்றியும் சொல்லியிருந்தாள்.

அதன்பின் ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் போனபோது பெரிய கோயிலில் விமானத்தின் அடியில் கல்வெட்டு வரிகளின் பக்கம் நின்றேன். எழுத்து எனக்குப் படிக்க வராது, அச்சில் படித்ததுதான். தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். தனக்கு அடுத்தபடியாக அக்கா, மனைவியர் அதற்கும் பிறகு. அந்த அக்காதான் குந்தவை, தன் தகப்பனுக்கும் தாய்க்கும் அதே கோயிலில் செப்புத் திருமேனி எடுத்தவள். அங்கே வந்தியத்தேவன் பெயர் வருவதே அவளுடைய கணவன் என்ற முறையில்தான். எவனை அவளிடமிருந்து பிடுங்க நான் இத்தனை பாடுபட்டேனோ, அவன் அந்தக் கல்லில் நிற்பதே அவளால்தான். மணிமேகலைக்குக் கல்வெட்டு கிடையாது, அவள் கல்கியின் கற்பனை. அதனால்தான் அவளுக்காக எழுதத் தோன்றியது. அந்த ஆசையில் தப்பில்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதற்காக இன்னொருத்தியின் பெயரைக் கெடுத்ததற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

இதைவிட வெட்கமான ஒன்றும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து திரும்பி வந்து நான் எதையும் திருத்தவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டேன். “வீட்ல கொஞ்சம் வேலை, சீக்கிரம் வரேன்” என்று ஒரு வரி போட்டேன். வீட்டில் ஒரு வேலையும் இல்லை. வாசகர்களிடம் தப்பைச் சொல்லத் தைரியமில்லை. ஓலையை எரித்த அத்தியாயம் அப்படியே கிடந்தது, புதிது புதிதாக ஆட்கள் வந்து படித்துக் குந்தவையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துபாய்ப் பெண் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பிளஸ் டூ பெண்ணுக்கு நான் பதிலே போடவில்லை.

இப்போது அந்த அத்தியாயங்களை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று அந்த இடத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். கோபப்பட்டுச் சிலர் போய்விட்டார்கள், அது அவர்கள் உரிமை. மணிமேகலை செம்பியன் மாதேவியோடு பயணம் கிளம்பும் இடத்திலிருந்து மறுபடி எழுதுகிறேன். வந்தியத்தேவன் அவளுக்குக் கிடைக்கமாட்டான்.

அந்தப் பிளஸ் டூ தங்கையின் கண்ணில் இது படுமோ, படாதோ. பட்டால், நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஓலை எரிந்தது என் கற்பனை, மூலத்தில் அப்படி எதுவும் இல்லை. ஐந்து பாகங்களும் எந்த நூலகத்திலும் இருக்கும், எடுத்து முதலிலிருந்து நீயே படி. குந்தவையைப் பற்றி என் பேச்சைக் கேட்காதே.