பிள்ளை படிக்கப் போகும் ஊர்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நெருங்கும் மாதங்களில், யான்புவில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே பேச்சுத்தான்: எந்தக் கல்லூரி? கட்டணம், ஹாஸ்டல், படித்து முடித்தபின் வேலை என்று எல்லாம் விசாரிக்கப்படுகின்றன. கல்லூரி இருக்கும் ஊர் எப்படிப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. மூன்று நான்கு வருஷம் பிள்ளை வாழப்போவது அந்த ஊரில்தான் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை.

யான்புவின் தொழில் நகரம், 1975-இல் ஏற்படுத்தப்பட்ட ராயல் கமிஷன் திட்டமிட்டு உருவாக்கியது. அகன்ற வீதிகள், பள்ளிக்கு வண்டி, கடைக்குப் போக அப்பாவின் கார். அங்கே வளர்ந்த குழந்தைகளில் பலர் டவுன் பஸ்ஸில் தனியாக ஏறியதே இல்லை.

மாயவரம் பக்கத்திலிருந்து வந்து, அங்குள்ள ஆலை ஒன்றில் வெகுகாலமாகப் பணிபுரியும் ஓர் அன்பர், மகளைச் சிதம்பரத்தில் சேர்க்கத் தீர்மானித்தார். "நம்ம ஊர்ப் பக்கம்தானேம்மா, என்ன பயம்?" என்றார். மகள் நிதானமாகச் சொன்ன பதில் இது: "உங்களுக்கு நம்ம ஊர்தான்ப்பா. நான் லீவுக்கு மட்டும்தானே வந்திருக்கேன்."

அந்தப் பெண் நன்றாகத் தமிழ் பேசுவாள். ஆனால் பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தகப்பனாருக்கு ஊர் திரும்புவதாக இருந்தது, அவளுக்குப் பிறந்தது முதல் அறிந்த ஊரை விட்டு அயலூர் போவதாக இருந்தது. இது அவருக்கு அன்றுதான் விளங்கிற்று.

கல்லூரி ஊர்களிலும் இரண்டு வகை உண்டு. கல்லூரிக்காகவே எழுந்த ஊர் ஒரு வகை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள சாப்பல் ஹில், 1795-இல் மாணவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்தது. தமிழ்நாட்டில் அதற்கு நிகர் அண்ணாமலைநகர். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. 2013-இல் மாநில அரசு அதன் நிர்வாகத்தை ஏற்றது. ரயில் பாதைக்கு ஒருபுறம் நடராஜப் பெருமானின் பழைய ஊர், மறுபுறம் வகுப்புகளும் விடுதிகளும் நிறைந்த புது ஊர். புதிதாக வருகிறவர்களைக் கண்டு பழகிய இடம் அது.

பழைய ஊரோடு கல்லூரி வந்து கலந்தது மற்றொரு வகை. பாளையங்கோட்டை, திருச்சி, கும்பகோணம் எல்லாம் அப்படி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883-இல் திருச்சிக்கு வந்தது. கும்பகோணம் கல்லூரியின் தொடக்கம் 1854. உ.வே. சாமிநாதையர் 1880 முதல் அங்கே தமிழ் போதித்தார்.

அதே கும்பகோணம் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையுடன் சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். கணக்கிலேயே மூழ்கியிருந்தமையால் மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். வீடு சாரங்கபாணி சந்நிதித் தெருவில், தாயார் அருகில். அப்படியிருந்தும் அந்தப் பிள்ளையின் மனம் வெளியே தெரியவில்லை. கடல் கடந்து பெற்றோர் இருக்கும்போது பிள்ளையின் மனம் எப்படித் தெரியும்?

அந்த அன்பர் இதை யோசித்து ஒரு காரியம் செய்தார். அட்மிஷன் முடிந்ததும் பெட்டியை ஹாஸ்டலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடவில்லை. லீவைப் பத்து நாள் நீட்டித்துக்கொண்டு, மகளோடு ஊரைச் சுற்றினார். பஸ் நிலையம், ரயிலடி, வங்கி, டாக்டர், கோயில் என்று ஒவ்வோரிடத்துக்கும் அவளே வழி கேட்டுப் போக, அவர் பின்னால் நடந்தார். ஊரில் தெரிந்த ஒரு குடும்பத்தில் அறிமுகப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்படி ஏற்பாடு செய்தார். முதல் இரண்டு மாதம் அவள் டெலிபோனில் அழுதாள். மார்கழித் திருவாதிரைக்குத் தோழிகளோடு தேர் பார்த்துவிட்டு வந்து, "இங்க எனக்கு எல்லா வழியும் தெரியும்ப்பா" என்றாளாம்.

இவ்வருஷம் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்கள், அதே ஊரில் ஏற்கெனவே பிள்ளைகள் படிக்கும் குடும்பங்களை இப்போதே தேடிப் பேசி வைத்துக்கொள்வது நலம். சிதம்பரத்தில் இரவு பத்து மணியாகும்போது யான்புவில் ஏழரைதான். வேலை முடிந்து வந்து பேச நேரம் இருக்கிறது. மார்க்கைப் பற்றிக் கேட்குமுன், இன்று யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்கலாம்.