அறிந்தும் அடங்காத நெஞ்சம்

நல்லது இன்னது, தீயது இன்னது என்று அறிந்துகொள்வதற்கு மனிதன் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீட்டில் தாய் சொல்கிறாள், பள்ளியில் ஆசிரியர் சொல்கிறார், சமயம் சொல்கிறது, எல்லாவற்றிற்கும் மேலாக அவனவன் மனச்சான்றே சொல்கிறது. ஆயினும், அறிந்த நன்மையைச் செய்யவும் அறிந்த தீமையை விலக்கவும் முற்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. இன்றோடு விட்டொழிப்பேன் என்று மாலையில் உறுதி பூண்டவன், மறுநாள் மாலைக்குள் அதே வலையில் மீண்டும் வீழ்ந்து கிடக்கிறான். அறிவுக்கும் நடத்தைக்கும் இடையே உள்ள இப்பள்ளத்தைக் கல்வி ஒன்றினாலேயே தூர்த்துவிட முடியுமா? இவ்வினாவைத் தம் வாழ்வையே சான்றாக வைத்து ஆராய்ந்த கிறிஸ்துவப் பெரியார் ஒருவர் இருந்தார். அவர் பல்லாண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவர் என்பது கற்பிப்போரும் கற்போரும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவரே புனித அகுஸ்தீனார்.

கி.பி. 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், வட ஆப்பிரிக்காவில் உரோமப் பேரரசுக்கு உட்பட்டிருந்த தகாஸ்தே என்னும் ஊரில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் அல்ஜீரிய நாட்டில் சூக் அஹ்ராஸ் என வழங்குகிறது. தந்தை பத்ரிசியுஸ் தம் இறுதிக் காலத்தில்தான் கிறிஸ்துவ நெறியைத் தழுவினார். தாய் மோனிக்கா அம்மையாரோ தொடக்கம் முதலே அந்நெறியில் ஊன்றி நின்றவர். குடும்பத்தில் பெருஞ்செல்வம் இல்லை. மகனை மேற்படிப்புக்கு அனுப்பப் பணம் திரட்டும்வரை, பதினாறாம் வயதில் அவரை வீட்டிலேயே வைத்திருக்க நேர்ந்தது. அந்தச் சோம்பல் நாள்களிலேதான் ஒரு சிறு திருட்டு நிகழ்ந்தது.

பக்கத்துத் தோட்டத்துப் பேரிமரம் ஒன்றை நள்ளிரவில் நண்பர்களோடு சேர்ந்து உலுக்கிக் காய்களை வாரிக்கொண்டு சென்றார். பசியால் திருடவில்லை, அவற்றைவிட நல்ல காய்கள் வீட்டிலேயே இருந்தன. திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். இதனை இளமைக் குறும்பு என்று உலகம் சிரித்துவிட்டுப் போகும். ஆனால் அகுஸ்தீனார் பிற்காலத்தில் இச்சிறு செயலைப் பல பக்கங்களில் அலசினார். விலக்கப்பட்டது என்பதற்காகவே ஒன்றை விரும்பும் கோணல் மனித நெஞ்சில் உண்டு என்பதை அதில் கண்டார். தனித்திருந்தால் அதனைச் செய்திருக்க மாட்டார் என்பதையும் கண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நாணம் கொள்வதற்கே நாணிய கூட்டம் அது. மாணவர் நலம் பேணும் எவரும் இவ்வுண்மையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பின்னர்க் கார்த்தேஜ் மாநகருக்குப் படிக்கச் சென்றார். அங்கே ஒரு பெண்ணோடு மணமுறையின்றி வாழத் தொடங்கினார். அதெயோதாத்துஸ் என்னும் மகன் பிறந்தான். பத்தொன்பதாம் வயதில் சிசரோ என்னும் உரோம அறிஞரின் நூலொன்றைப் படித்து, மெய்யறிவின்மேல் தீராத வேட்கை கொண்டார். அவ்வேட்கை அவரை முதலில் மானிக்கேயம் என்னும் கொள்கையினரிடம் கொண்டு சேர்த்தது. ஒளிக்கும் இருளுக்கும் ஓயாத போர் நடக்கிறது, மனிதன் செய்யும் தீமை அவனுள் புகுந்த இருளின் செயல் என்பது அவர்கள் போதனை. இது அவருக்கு இனித்தது. பாவம் செய்தது தாம் அல்லர், தம்முள் இருக்கும் வேறொன்று என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்ததல்லவா? ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அக்கொள்கையிலேயே இருந்தார். பழியை வேறொன்றின்மேல் ஏற்றும்வரை நோய்க்கு மருந்தில்லை என்பதை அவர் உணர நெடுங்காலம் ஆயிற்று.

இதற்கிடையே ஆசிரியப் பணியில் அவர் புகழ் வளர்ந்தது. கார்த்தேஜ் மாணவரின் அடங்காத்தனம் பொறுக்காமல் 383ஆம் ஆண்டு உரோமாபுரிக்குச் சென்றார். அங்குள்ள மாணவர் அடக்கமானவர்களே. ஆனால் கட்டணம் கொடுக்கும் வேளை வந்தால் கூட்டமாக வேறோர் ஆசிரியரிடம் மாறிவிடும் வழக்கம் அவர்களிடம் இருந்தது! மறு ஆண்டே மிலான் நகரில் அரசுச் சார்பிலான சொல்லாட்சிக் கலைப் பேராசிரியராக அமர்ந்தார். முப்பது வயதில் அடைதற்கரிய உயர்வு அது. ஆயினும், பேரரசரைப் புகழ்ந்து ஆற்ற வேண்டிய உரையைப் பற்றிய கவலையோடு ஒருநாள் தெருவில் சென்றபோது, குடித்துவிட்டுக் களித்துச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரன் ஒருவனைக் கண்டார். பொய்யும் புனைவும் கலந்த உரையால் தாம் தேடும் மகிழ்ச்சியை அவன் சில காசுகளால் பெற்றுவிட்டானே என்று வெட்கினார். அவன் மகிழ்ச்சியும் மெய்யான மகிழ்ச்சியன்று. எனினும் தாம் தேடியது அதனினும் பொய்யானது என்று அவருக்குப் பட்டது.

மிலானில் ஆயராக இருந்தவர் அம்புரோஸ். அவருடைய நாவன்மையை அளந்தறியவே அகுஸ்தீனார் கோயிலுக்குச் சென்றார். சொல்லின் பின்னே பொருளும் உள்ளே நுழைந்தது. கிறிஸ்துவ நெறியைப் பற்றி அவர் கொண்டிருந்த ஐயங்கள் ஒவ்வொன்றாக விலகின. அறிவு இணங்கிவிட்டது. ஆனால் வாழ்வு இணங்கவில்லை. இளமையிலேயே தூய வாழ்வு வேண்டும் என்று இறைவனை வேண்டியவர் அவர். அதே மூச்சில், அது உடனே வேண்டாம், சற்றுப் பின்னர்க் கிடைத்தால் போதும் என்றும் வேண்டியவர். விட வேண்டும் என்றும் தோன்றும். விட்டுவிட நேருமோ என்று அச்சமும் தோன்றும்.

இத்தடுமாற்றத்தின் விலையைப் பிறரும் கொடுக்க நேர்ந்தது. தகுதியான இடத்தில் மணம் பேசப்பட்டபோது, பல்லாண்டுகள் உடன் வாழ்ந்த அப்பெண் ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இனி வேறொருவரை நாடுவதில்லை என்று உறுதி கூறி, மகனைத் தந்தையிடமே விட்டுச் சென்றாள். அவள் பெயரைக்கூட அகுஸ்தீனார் எழுதி வைக்கவில்லை. தம் நெஞ்சு கிழிந்து குருதி வடிந்ததாக அவர் எழுதினார். அவள் நெஞ்சு பட்ட பாட்டை எழுதுவார் இல்லை. மணமகளாகக் குறிக்கப்பட்டவள் மணவயதை எய்த இன்னும் ஈராண்டுகள் இருந்தன. அதுவரைகூடப் பொறுக்க இயலாமல் அவர் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அரசவையில் ஆயிரம் பேரை அசைக்கவல்ல நாவுக்கு உரியவர், தம் நெஞ்சு ஒன்றை அசைக்க வலிமையற்றுப் போனார்.

386ஆம் ஆண்டில் பொந்திசியானுஸ் என்னும் அரசு அலுவலர் அவர் இல்லத்திற்கு வந்தார். எகிப்துப் பாலைவனத் துறவி அந்தோணியாரின் வரலாற்றைக் கூறினார். அவ்வரலாற்றைப் படித்த அளவிலேயே பதவியைத் துறந்த இரு அலுவலரைப் பற்றியும் கூறினார். அகுஸ்தீனாரால் அதற்குமேல் தாங்க இயலவில்லை. கல்லாதவர்கள் எழுந்து வானுலகைக் கைப்பற்ற, கற்ற தாம் சேற்றில் புரள்வதை எண்ணி நண்பர் அலிப்பியுஸிடம் கதறினார். தோட்டத்திற்கு விரைந்தார்.

அங்கே அவர் கண்ட உண்மை வியப்பிற்குரியது. உள்ளம் கையை அசையென்றால் கை உடனே அசைகிறது. அதே உள்ளம் தன்னையே மாறென்றால் மாற மறுக்கிறது! ஏவுவதும் உள்ளம்; ஏவலை மறுப்பதும் உள்ளம். பாதி மனத்தோடு ஏவுவதால்தான் பாதி மனம் மறுக்கிறது என்று அவர் தெளிந்தார். மறுக்கும் பாதியை வளர்த்தது யார்? அவரேதான். ஒருமுறை விரும்பிச் செய்தது பலமுறை செய்ததால் பழக்கமாகி, தடுக்கப்படாத பழக்கம் இறுதியில் இரும்புச் சங்கிலியாகிவிட்டிருந்தது. மானிக்கேயர் சொன்ன இருள் எங்கிருந்தோ வந்து புகவில்லை. சங்கிலியைச் செய்தவரும் அதில் கட்டுண்டவரும் ஒருவரே. தம் கையால் செய்த சங்கிலியாயினும் தம் கையால் அறுக்க முடியாத நிலை அது.

அத்தி மரத்தடியில் வீழ்ந்து அழுதார். அப்போது அண்டை வீட்டிலிருந்து, எடுத்துப் படிக்குமாறு ஒரு குழந்தையின் குரல் மீண்டும் மீண்டும் பாட்டாகக் கேட்டது. அதனை இறைவன் ஆணையாகக் கொண்டு, புனித பவுலின் திருமுகங்கள் அடங்கிய ஏட்டைத் திறந்தார். களியாட்டையும் காமத்தையும் விட்டுக் கிறிஸ்துவையே ஆடையாக அணிந்துகொள்ளுமாறு உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் அறிவுறுத்தும் பகுதி கண்ணில் பட்டது. அதற்குமேல் படிக்கத் தேவை ஏற்படவில்லை. தம் வலிமையையே நம்பிப் போராடித் தோற்றவர், தம்மினும் பெரிய வலிமையின்மேல் சாய்ந்தார். சாய்ந்த இடத்தில் அமைதி பிறந்தது. அடுத்த ஆண்டு, 387இல், உயிர்த்தெழுந்த பெருவிழாவின்போது மகனோடும் அலிப்பியுஸோடும் அம்புரோஸ் கையால் திருமுழுக்குப் பெற்றார். பல்லாண்டுகள் அவருக்காகக் கண்ணீர் விட்டு வேண்டிய மோனிக்கா அம்மையார் அதனைக் கண்ணாரக் கண்டு, அவ்வாண்டிலேயே தம் 56ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

பல அடியார் வரலாறுகள் இத்தகைய இடத்தில் முற்றுப்பெற்றுவிடும். அகுஸ்தீனார் இங்கே முடிக்கவில்லை. 391இல் குருவாகவும் பின்னர் ஹிப்போ நகரத்து ஆயராகவும் ஆன அவர், 397ஆம் ஆண்டளவில் ஒப்புகைகள் எனப் பொருள்படும் தலைப்பில் தம் நூலை எழுதத் தொடங்கினார். அதன் பத்தாம் பகுதியில், ஆயராகிய பிறகும் தம்மை விட்டு நீங்காத சோதனைகளை ஒன்றொன்றாக எடுத்துரைத்தார். பழைய நினைவுகள் கனவில் வந்தன. உணவை மருந்துபோல் உண்ண எண்ணினாலும், தேவை எங்கே முடிந்து இன்பம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சிலந்தி வலையில் ஈ சிக்குவதைக் கண்டாலும் மனம் வேடிக்கை பார்க்க ஓடியது. தம்மைப் புனிதராக மதித்த மக்கள் முன்னிலையில் ஓர் ஆயர் இவ்வாறு எழுதியது சிறு செயலன்று.

அனைத்தினும் அவரை அச்சுறுத்தியது புகழாசை. செல்வத்தின்மேல் பற்றில்லை என்பதைச் செல்வத்தைத் துறந்து சோதித்துப் பார்க்கலாம். புகழின்மேல் பற்றில்லை என்பதை எவ்வாறு சோதிப்பது? புகழ் வராதிருக்கத் தீய வாழ்வு வாழ முடியுமா? நல்ல பணிக்குப் புகழ் நிழலாகத் தொடரவே செய்யும். புகழை வெறுக்கிறேன் என்று சொல்லியே புகழ் தேடும் கள்ளமும் நெஞ்சுக்கு உண்டு. மேடையேறும் பேச்சாளரும், எழுதுகோல் பிடிக்கும் எழுத்தாளரும், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது.

எல்லாம் இறைவனே அருள வேண்டுமெனில் மனிதன் முயற்சியற்றுச் சோம்பிவிட மாட்டானா என்று அக்காலத்திலேயே கேட்டவர் உண்டு. பெலாஜியுஸ் என்னும் துறவி அந்நூலின் ஒரு வேண்டுதலைக் கேட்டுச் சினந்தார் என்பது வரலாறு. அவர் கவலையைப் பொருளற்றது என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அகுஸ்தீனாரின் வாழ்வே அதற்கு விடையாக அமைந்தது. இறைவனைச் சார்ந்தபின் அவர் கைகட்டி இருக்கவில்லை. பதவியை விட்டார், மணப்பேச்சை விட்டார், தனித்திருந்தால் வழுக்கும் என்று அறிந்து, நண்பரோடு கூடி ஒழுக்க நெறியில் வாழ்ந்தார். தன்னையே நம்பியவன் வீழ்ந்தால் மனமுடைந்து போகிறான். அருளை நம்பியவன் வீழ்ந்தாலும் எழுந்து மீண்டும் நடக்கிறான்.

430ஆம் ஆண்டு வாந்தல் படையினர் ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் காய்ச்சலில் வீழ்ந்தார். மனம் வருந்தி மன்னிப்பு வேண்டும் தாவீதின் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் ஒட்டச் செய்தார். படுக்கையிலிருந்தபடியே அவற்றைப் படித்துக் கண்ணீர் சிந்தினார் என்று அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான பொசிதியுஸ் எழுதியுள்ளார். ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் நீத்தார். நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்நெறியில் நின்று, எண்ணற்ற நூல்கள் இயற்றிய பெரியார், இறுதி நாளிலும் கற்றோன் என்ற செருக்கின்றி, அருள் வேண்டி நிற்கும் மாணாக்கனாகவே இருந்தார்.

தவறிய மாணவனை இனி உருப்பட மாட்டான் என்று ஒதுக்கும் ஆசிரியர், பேரிக்காய் திருடிய அச்சிறுவனை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். பலமுறை உறுதி பூண்டு பலமுறை தோற்ற இளைஞன், அத்தி மரத்தடியில் அழுத அப்பேராசிரியரை எண்ணிப் பார்க்கலாம். தோல்வியை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே மாற்றத்தின் வாயில். அவ்வாயிலில் ஒவ்வொரு நாளும் மீண்டும் வந்து நிற்பதே அருள்வாழ்வு.